மூன்று மூன்றாகத் தேடுங்கள்: சாண்ட்ஹில் கொக்குகளைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஓடும் பிளாட் ஆறு கொக்குகளால் நிரம்பிவிடும். லெக்சிங்டன் ஊருக்கும் கிராண்ட் ஐலண்ட் ஊருக்கும் நடுவே சுமார் 130 கி.மீ. நீளம். அதற்குள் லட்சக்கணக்கான சாண்ட்ஹில் கொக்குகள் இறங்கி, மூன்று நான்கு வாரம் தின்று, தேறி, வடக்கே கிளம்பும். 2024 மார்ச்சில் விமானத்திலிருந்து எடுத்த கணக்கு 7 லட்சத்தைத் தாண்டியது.

அந்த எண்ணைக் கேட்டுத்தான் நானும் முதல் தடவை போனேன். இரண்டு நாள் நின்று பார்த்தேன். கூட்டம் கண்ணை நிறைத்தது, ஆனால் திரும்பி வந்தபின் ஒரு பறவையைப் பற்றிக்கூட என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. அடுத்த வருடம், பறவைகள் கண்ணில் படாமல் நின்று பார்க்கும் மறைவிடத்தில் என் பக்கத்தில் நின்ற வயதான தன்னார்வலர் ஒருவர், மூன்று மூன்றாகத் தேடிப் பாருங்கள் என்று காதோடு சொன்னார். அப்பா, அம்மா, போன கோடையில் பிறந்த பிள்ளை. அன்றைக்குத்தான் அந்த ஆறு எனக்குப் பிடிபட்டது. அங்கே நிற்பவை பெரும்பாலும் குடும்பம் குடும்பமாக வந்தவை. தன் ஆட்கள் யார் என்று அத்தனை இரைச்சலிலும் அவற்றுக்குத் தெரிகிறது. அந்தக் குடும்பங்களை நீங்களும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: எது கொக்கு என்று முதலில் தெளிந்துகொள்ளுங்கள்

நம் ஊர் வயலில் மாட்டுக்குப் பின்னால் நடக்கும் வெள்ளைப் பறவையைக் கொக்கு என்கிறோம். கூட்டமாக அவை தலைக்கு மேலே போனால் நகத்தைக் காட்டிப் பூப்போடச் சொல்லிக் கேட்ட குழந்தைகள் நாம். ஆனால் அவை வேறு குடும்பம். சாண்ட்ஹில் கொக்கின் உறவு வேண்டுமென்றால் உத்தரப் பிரதேசத்து வயல்களில் ஆள் உயரத்துக்கு நிற்கும் சாரஸ் கொக்கைச் சொல்லலாம். இரண்டையும் அறிவியல் இன்று ஆன்டிகோனே என்ற ஒரே பேரினத்தில் வைக்கிறது.

வித்தியாசத்தைப் பிடிக்க எளிய வழி, பறக்கும்போது கழுத்தைப் பார்ப்பதுதான். நம் வயல் கொக்கு கழுத்தை மடித்துத் தோளுக்குள் வைத்துக்கொண்டு பறக்கும். சாண்ட்ஹில் கொக்கு கழுத்தை முன்னாலும் காலைப் பின்னாலும் நேராக நீட்டி, ஒரே கோடாகப் பறக்கும். இன்னொன்று, இது மரத்தில் உட்காராது. பின்விரல் சின்னது, காலில் உயரத்தில் இருப்பது. கிளையைப் பிடிக்க அது உதவாது. மரத்தில் நிற்கும் பெரிய சாம்பல் பறவையைப் பார்த்தால் அது நாரை வகை என்று விட்டுவிடுங்கள்.

உருவம்: நின்றால் ஒரு மீட்டரை ஒட்டிய உயரம். சிறகு விரித்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரை போகும். எடை மூன்று முதல் ஐந்து கிலோ. நெப்ராஸ்காவில் இறங்குபவற்றில் பெரும்பாலானவை எடை குறைந்த சிறிய வகை. உடல் சாம்பல், கன்னம் வெளுப்பு, நெற்றியில் இறகில்லாத சிவப்புத் தோல். வாலை மூடிக்கொண்டு ஒரு இறகுக் கொத்து பின்னால் தொங்கும். அது வால் என்றே தோன்றும், உண்மையில் அது சிறகின் உள்பக்கத்து இறகுகள்.

சில பறவைகள் துருப்பிடித்த இரும்பு மாதிரி செம்பழுப்பாக இருக்கும். அது வேறு இனமோ என்று பலர் குழம்புவார்கள். இரும்புச்சத்து உள்ள சேற்றை அலகால் எடுத்து அவையே இறகில் பூசிக்கொள்கின்றன. கூடு கட்டும் காலத்தில் காய்ந்த புல்லுக்கு நடுவே உட்கார்ந்தால் கண்ணில் படாமல் இருக்க இது உதவும் என்று கருதுகிறார்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சாண்ட்ஹில் என்றால் மணற்குன்று. பிளாட் ஆற்றுக்கு வடக்கே புல் மூடிய மணல்மேடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கின்றன. பெயர் அங்கிருந்து வந்தது. அப்புறம், இந்தப் பறவை ஒரு கோடி ஆண்டுப் பழையது என்று சுற்றுலாத் தாள்களில் படிப்பீர்கள். அந்த நெப்ராஸ்கா புதைபடிவம் வேறொரு கொக்கினுடையது. சாண்ட்ஹில் கொக்கு என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்பு புளோரிடாவில் கிடைத்தது, வயது சுமார் 25 லட்சம் ஆண்டு. அதுவே என்னை மலைக்க வைக்கப் போதும்.

படி 2: எந்த வாரம், எந்த இடம்

ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால் மார்ச் 15-க்கும் 28-க்கும் இடையில் போங்கள். பெரும்பாலும் அப்போதுதான் கூட்டம் உச்சத்தில் இருக்கும். மார்ச் முதல் வாரம் கூட்டம் குறைவு, குளிர் அதிகம், ஆனால் மனிதர்களும் குறைவு. ஏப்ரல் முதல் வாரம் போனால் கிளம்பும் நாளைப் பார்க்கக் கிடைக்கலாம். அது தனி அனுபவம், பின்னால் சொல்கிறேன்.

கார்னி என்ற ஊரை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒமாஹா நகரிலிருந்து நெடுஞ்சாலை 80 வழியாகக் காரில் சுமார் மூன்று மணி நேரம். கார்னிக்குக் கிழக்கே கிப்பன் ஊருக்குப் பக்கத்தில் ஆடுபன் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பின் ரோ சரணாலயம் இருக்கிறது. இன்னும் கிழக்கே, கிராண்ட் ஐலண்டுக்கு முன்னால், கிரேன் டிரஸ்ட் என்ற கொக்குப் பாதுகாப்பு அமைப்பின் இடம். இரண்டிலும் ஆற்றங்கரையில் மறைவிடங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். மரப்பலகை அறை, சன்னல் மாதிரித் திறப்புகள், அவ்வளவுதான். அங்கே இதை பிளைண்ட் என்பார்கள். கட்டணம் உண்டு, முன்பதிவு கட்டாயம். மார்ச் நடுவார இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் ஜனவரியிலேயே பார்த்துவிடுங்கள்.

இடம் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். ஃபோர்ட் கார்னி பூங்காவில் பழைய ரயில் பாலத்தை நடைபாலமாக மாற்றியிருக்கிறார்கள். மாலையில் அதன்மேல் நின்றால் தலைக்கு மேலேயே வரிசை வரிசையாக வரும். கிப்பனுக்குத் தெற்கே ஆற்றோரம் ஒரு பொது மேடையும் இருக்கிறது. என் கருத்தில், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மறைவிடத்தைவிடப் பாலம்தான் நல்லது. இரண்டு மணி நேரம் பேசாமல் நிற்கச் சொல்லி அவர்களைப் படுத்த வேண்டியதில்லை.

எதற்காக இந்த ஆறு? பிளாட் அகலமானது, ஆழமில்லாதது, நடுவில் மணல்திட்டுகள் நிறைந்தது. கணுக்கால் அளவு தண்ணீரில் கொக்கு நின்று தூங்கும். கயோட்டி நரியோ வேறு எதுவோ வந்தால் தண்ணீர்ச் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். இரு கரையிலும் மரமில்லாத திறந்த வெளி இருந்தால் இன்னும் நல்லது. பகலில் பக்கத்துச் சோள வயல்களில், அறுவடையில் சிந்திய மக்காச்சோளம். ஈரப் புல்வெளிகளில் நத்தை, மண்புழு, வண்டுப்புழு. இந்த மூன்றும் அருகருகே கிடைக்கும் இடம் வேறு அதிகம் இல்லை.

படி 3: எடுத்துப்போக வேண்டியவை

நெப்ராஸ்கா மார்ச் ஏமாற்றும். பகலில் சுவெட்டர் போதும். விடியலில் உறைநிலைக்குக் கீழே போகும், பனியும் கொட்டலாம். மறைவிடத்தில் பெரும்பாலும் சூடேற்றி இருக்காது. உள்ளாடையிலிருந்து அடுக்கடுக்காகப் போடுங்கள், தடித்த காலுறை இரண்டு, கையுறை, காது மூடும் குல்லா. சரசரக்கும் மழைக்கோட்டு வேண்டாம், அடர்நிறத் துணி நல்லது.

8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். பெரிய லென்ஸ் இருந்தால் கொண்டுவாருங்கள், ஆனால் முதல் நாள் காலை அதைப் பைக்குள்ளேயே விடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இருட்டில் படம் வராது, பார்ப்பதும் போய்விடும். ஃபிளாஷ் எப்போதுமே கூடாது. கேமராவின் சிவப்பு விளக்கைக்கூட டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். டிரோன் வேண்டவே வேண்டாம்.

படி 4: இருட்டில் போய் நில்லுங்கள்

மார்ச் நடுவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியபின், கார்னியில் சூரியன் ஏழே முக்காலை ஒட்டி உதிக்கும். மறைவிடத்துக்கு அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே கூட்டிப்போவார்கள். டார்ச் வெளிச்சம் சிவப்பாக இருக்கும், இல்லை என்றால் டார்ச்சே இருக்காது. பேச்சு கிடையாது. உள்ளே போனதும் திறப்பில் ஓர் இடம் பிடித்து, கண்ணை மூடிக் கேளுங்கள்.

முதலில் ஒரு முனகல்தான் வரும். தூக்கத்தில் புரளும் கூட்டத்தின் சத்தம். கொஞ்சம் கொஞ்சமாக அது கூடும். சாண்ட்ஹில் கொக்கின் குரல் தொண்டையில் உருளும் கர்ர்ரூ என்ற ஒலி, காற்று சாதகமாக இருந்தால் 4 கி.மீ. தூரம்கூடக் கேட்கும். அவ்வளவு சத்தம் எப்படி வருகிறது என்றால், அதன் மூச்சுக்குழாய் கழுத்தளவோடு நிற்கவில்லை. மார்பெலும்புக்குள் நுழைந்து வளைந்து திரும்புகிறது. நாதஸ்வரத்தின் நீளம் கூடினால் குரல் கனப்பது மாதிரி, குழாய் நீண்டதால் ஒலி கனத்து, நிறைய சுரங்கள் சேர்ந்ததாக வருகிறது.

வெளிச்சம் வரும்போது ஆற்றின் நடுவே மணல்திட்டு என்று நினைத்தவற்றில் சில அசையும். ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகு இறகுக்குள் செருகியவை ஒவ்வொன்றாகத் தலையை எடுக்கும். தண்ணீர் குடிக்கும், இறகு கோதும். அவசரமே இருக்காது. மூடுபனி இருந்தால் ஒன்பது மணி வரை கிளம்பாமல் நிற்பதும் உண்டு.

அப்புறம் ஏதோ ஒரு கணத்தில் எல்லாம் எழும்பும். பல நாள் சிறு சிறு குழுவாகப் போகும், ஒரு மணி நேரம் வரை அது நீளும். ஆனால் வெண்தலைக் கழுகு ஒன்று ஆற்றின் மேல் வந்துவிட்டால் ஆயிரக்கணக்கானவை ஒரே மூச்சில் எழும். அந்தச் சத்தம் நெஞ்செலும்பில் அதிரும். அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால் நம்மால் அது நடக்கக் கூடாது. ஒவ்வொரு பதற்றமும் அவை சேர்த்த கொழுப்பைக் கரைக்கிறது, அந்தக் கொழுப்பு ஆர்க்டிக் வரை போக வேண்டியது. கடைசிப் பறவை போன பிறகுதான் வழிகாட்டி கதவைத் திறப்பார். அவர் சொல்லும் வரை நில்லுங்கள்.

படி 5: காதால் குடும்பத்தைப் பிரியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு நாளே கொடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆண் கொஞ்சம் பெரியது, பக்கத்தில் நின்றால் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஆனால் ஜோடி சேர்ந்து குரல் கொடுக்கும்போது ரகசியம் வெளியே வந்துவிடும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தலையைப் பின்னால் சாய்க்கும். ஆண் அலகை வானத்தை நோக்கி நிமிர்த்தி ஒரு தாழ்ந்த ஒலி கொடுக்கும். பெண் அலகை அவ்வளவு உயர்த்தாமல், அந்த ஒன்றுக்கு இரண்டாக உயர்ந்த ஒலி கொடுக்கும். ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு இரண்டு என்று தாளம் பிசகாமல் போகும். கேட்பவருக்கு ஒரே பறவை பாடுவது போலிருக்கும். பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் அந்த மந்தைக்குள் எத்தனை ஜோடிகள் இருக்கின்றன என்பது காதுக்கே தெரியும்.

இப்போது மூன்றாவது ஆளைத் தேடுங்கள். கர்ர்ரூ என்ற கனத்த குரல்களுக்கு நடுவில், விசில் நடுங்குவது மாதிரி மெல்லிய பீர்ர்ர் என்ற ஒலி வரும். முதல் தடவை கேட்பவர்கள் வேறு ஏதோ சின்னப் பறவை என்று நினைத்துவிடுவார்கள். அதுதான் பிள்ளை. உடலால் பெற்றோர் அளவு வளர்ந்துவிட்டது, மூச்சுக்குழாய் இன்னும் முழுசாக நீண்டு வளையவில்லை. அந்தக் குரல் வந்த திசையில் பைனாகுலரைத் திருப்பினால், பின்கழுத்தில் பழுப்பு இறகு மிச்சமிருக்கும், நெற்றிச் சிவப்பு சரியாகப் பரவாத ஒரு பறவை தென்படும். அதன் இரண்டு பக்கமும் பாருங்கள், பெரியவை இரண்டு நிற்கும்.

பறக்கும்போதும் இதே கணக்கு. மாலையில் நூறு கொக்கு வரிசையாக வருவதாகத் தோன்றும். பத்து விநாடி பார்த்தால் வரிசைக்குள் சின்னச் சின்ன இடைவெளிகள் தெரியும். மூன்று, மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு. இரண்டாகப் போவது, போன வருடம் குஞ்சு பிழைக்காத ஜோடியாகவோ புதிதாகச் சேர்ந்த ஜோடியாகவோ இருக்கலாம். நான்கு என்றால் இரண்டு குஞ்சும் பிழைத்திருக்கிறது. அதை நான் பார்த்தால் அன்றைக்கு நோட்டில் தனியாக எழுதி வைப்பேன், அவ்வளவு அபூர்வம். குடும்பமாக இல்லாமல் தளர்வாகத் திரிபவை துணை தேடாத இளசுகள்.

படி 6: பகலில் வயலோரம், காருக்குள்ளிருந்து

காலை பத்து மணிக்கு மேல் அவை வயல்களில் இருக்கும். சிறிய மண் சாலைகளில் மெதுவாகப் போங்கள். வயல்கள் எல்லாம் தனியார் நிலம், காலை வைக்கக் கூடாது. நெடுஞ்சாலையிலும் பாலங்களிலும் வண்டியை நிறுத்தாதீர்கள். சிறு சாலையில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, உள்ளேயே இருங்கள். கார் என்பது அவற்றுக்குப் பழகிய பொருள். கதவைத் திறந்து மனிதர் இறங்கினால் அத்தனையும் விலகி நடக்கத் தொடங்கும்.

இனி உடல்மொழி. தலை கீழே, மெல்ல நடை என்றால் நிம்மதியாக மேய்கிறது. கழுத்தைக் கம்பம் போல் நேராக்கி நின்றால் எதையோ கவனிக்கிறது, அந்த எதுவோ நீங்களாகவே இருக்கலாம். அதற்கு மேல் நெருங்காதீர்கள். குடும்பத்தில் ஒன்றாவது எப்போதும் தலையைத் தூக்கி வைத்திருக்கும், மற்றவை தின்னும். நெற்றிச் சிவப்பு சட்டென்று விரிந்து பின்னந்தலை வரை பரவினால் கோபம் அல்லது பரபரப்பு. அந்தத் தோலைச் சுருக்கவும் விரிக்கவும் அதனால் முடியும். சண்டை பெரும்பாலும் இப்படி மிரட்டலிலேயே முடிந்துவிடும்.

எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து, கழுத்தை முன்னால் சாய்த்து நீட்டினால் உடனே தயாராகுங்கள். சில விநாடிகளில் ஓட்டமெடுத்துப் பறக்கப் போகின்றன. குடும்பத்தில் ஒன்று இப்படிச் சாய்ந்து மற்றவை கவனிக்கவில்லை என்றால் அது காத்திருக்கும். விட்டுவிட்டுப் போகாது.

நடனத்துக்கு வருவோம். தலைகுனியும், எம்பிக் குதிக்கும், சிறகை விரித்துக்கொண்டு சுற்றி ஓடும், சோளத் தட்டையையோ குச்சியையோ அலகால் கவ்வி வானத்தில் எறியும், மறுபடி பிடிக்கப் பார்க்கும். ஒன்று தொடங்கினால் பக்கத்தில் இருப்பது சேரும், சில நேரம் அலை மாதிரி வயல் முழுக்கப் பரவும். இதைக் காதல் நடனம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜோடி சேர அது உதவுகிறது என்பது உண்மை. ஆனால் வருடம் முழுக்க ஆடுகின்றன. வருடக்கணக்காகச் சேர்ந்து வாழும் ஜோடிகள் ஆடுகின்றன, பறக்கத் தெரியாத குஞ்சுகளும் ஆடுகின்றன. பயந்தபின் ஆடுவதையும், எதுவுமே நடக்காதபோது ஆடுவதையும் பார்த்திருக்கிறேன். காற்று பலமாக அடிக்கும் நாளில் அதிகம் ஆடுவதாக எனக்குத் தோன்றும்.

நாளெல்லாம் தின்பதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது. இந்த மூன்று நான்கு வாரத்தில் உடல் எடை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடும். சோளம் கொழுப்பாக மாறும். முட்டை ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்பும் தசைக்கான புரதமும் சோளத்தில் போதாது. அதற்காகத்தான் ஈரப் புல்வெளியில் நத்தையும் புழுவும் தேடுகின்றன. எனவே சோள வயலிலேயே நின்றுவிடாமல் புல்வெளிப் பக்கமும் ஒரு சுற்று போய்வாருங்கள்.

மார்ச் கடைசியில் சாம்பல் கூட்டத்துக்குள் ஒரு பெரிய வெள்ளைப் பறவை, ஒன்றரை மீட்டர் உயரத்தில், பறக்கும்போது சிறகு நுனி கறுப்பாகத் தெரிந்தால், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது ஹூப்பிங் கொக்கு. 1940-களின் தொடக்கத்தில் உலகிலேயே இருபத்துச் சொச்சம்தான் மிஞ்சியிருந்த இனம். அதன் பக்கத்தில் நெருங்கவே கூடாது, சட்டமும் கடுமையானது. எங்கே பார்த்தீர்கள் என்பதைச் சரணாலய அலுவலகத்தில் மட்டும் சொல்லிவிடுங்கள்.

படி 7: பறப்பதைப் படியுங்கள்

தூரத்தில் வரும் கூட்டம் வாத்தா கொக்கா என்று தெரியவில்லையா? சிறகடிப்பைக் கவனியுங்கள். கொக்கு சிறகைக் கீழே நிதானமாக அமுக்கும், மேலே சட்டென்று சுண்டி இழுக்கும். அந்த வெட்டு ஒரு முறை கண்ணில் பதிந்துவிட்டால், புள்ளியாகத் தெரியும் தூரத்திலேயே சொல்லிவிடலாம்.

ஆற்றுக்கும் வயலுக்கும் இடையே போகும்போது சிறகடித்துத்தான் பறக்கும். நெடும்பயணம் வேறு வித்தை. நான்கு கிலோ உடம்பைச் சிறகடித்தே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூக்கிப்போவது கட்டுப்படியாகாது. அதனால் வெயிலை நம்புகிறது. காலை வெயிலில் நிலம் சூடாகி, சூடான காற்று தூண் மாதிரி மேலே எழும். கொக்கு அந்தத் தூணுக்குள் புகுந்து, சிறகை அகல விரித்து, நுனி இறகுகளை விரல்கள் போல் பிரித்து, வட்டமிட்டபடி அடிக்காமலே மேலேறும். உச்சிக்குப் போனதும் வட்டத்தை உடைத்து, வடக்கு நோக்கி நீளமாகச் சறுக்கும். உயரம் குறைந்ததும் அடுத்த தூண். இப்படி ஒரு நாளில் 300 முதல் 500 கி.மீ. வரை போகும், பின்காற்று நன்றாக இருந்தால் இன்னும் கூட. வெயில் சாய்ந்ததும் தூண்கள் அடங்கிவிடும், அவையும் தண்ணீர் பார்த்து இறங்கிவிடும்.

ஆகவே கிளம்பும் நாளைப் பார்க்க விரும்பினால் வானிலை அறிக்கையைப் படியுங்கள். மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கத்தில், இரண்டு மூன்று நாள் வடக்குக் காற்றும் மேகமும் இருந்துவிட்டு, பிறகு தெளிவான வானமும் தெற்குக் காற்றும் வரும் நாள். வயல் நடுவே ஒரு சாலையில் காலை பத்தைத் தாண்டி நில்லுங்கள். முதலில் சத்தம் மட்டும் வரும். எங்கே என்று தெரியாது. நேர் மேலே பார்த்தால், மிளகு தூவியது போல் ஒரு சுழல். பைனாகுலரில் பார்த்தால் அதற்கும் மேலே இன்னொரு சுழல். ஒரு மணி நேரத்தில் வயல் காலியாகிவிடும். அந்த உயரத்திலும் பீர்ர்ர் என்ற பிள்ளைக் குரல் கேட்கும்.

படி 8: ஆற்றுக்காக உழைப்பவர்களையும் பாருங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் விட்டுவிட மனமில்லை. பிளாட்டின் தண்ணீர் மேலே பல அணைகளில் தேங்குகிறது. நெப்ராஸ்காவிலேயே கிங்ஸ்லி அணை 1941-ல் முடிந்தது. வெள்ளம் வந்து மணலைப் புரட்டுவது குறைந்ததும், திட்டுகளில் மரமும் புதரும் வேர்விட்டன. ஆறு குறுகியது. கொக்குகள் அந்த நீளங்களைக் கைவிட்டு, மிச்சமிருந்த திறந்த நீளத்தில் நெருக்கியடித்தன. இப்போது நீங்கள் பார்க்கும் வெறும் மணல்திட்டு தானாக வந்ததில்லை. இலையுதிர் காலத்தில் டிராக்டர் இறக்கி, புதரை வெட்டி, திட்டை உழுது வைக்கிறார்கள். 2007 முதல் நெப்ராஸ்கா, கொலராடோ, வயோமிங் மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து ஆற்றுக்கு நீர் விடும் திட்டம் ஒன்றும் நடக்கிறது. மறைவிடக் கட்டணம் இந்த வேலைக்கும் போகிறது என்பதால் அதைக் கொடுக்க நான் யோசிப்பதே இல்லை.

வேட்டையைப் பற்றியும் கேட்பார்கள். அமெரிக்காவின் நடுப்பகுதி வழியாகப் பறவைகள் வடக்கும் தெற்குமாகப் போய்வரும் தடத்தை மத்திய வலசைப் பாதை என்பார்கள். 1961 முதல் அந்தப் பாதையின் மாநிலங்களில் ஒன்றன்பின் ஒன்றாக உரிமத்துடன் சாண்ட்ஹில் கொக்கைச் சுடலாம் என்று அனுமதித்தார்கள். அந்தப் பாதையில் நெப்ராஸ்கா மட்டும் அனுமதிப்பதில்லை.

படி 9: நெப்ராஸ்கா போக முடியாதவர்கள்

குளிர்காலத்தில் நியூ மெக்ஸிகோவின் போஸ்கே டெல் அப்பாச்சே, அரிசோனாவின் வைட்வாட்டர் டிரா. இலையுதிர் காலத்தில் இண்டியானாவின் ஜாஸ்பர்-புலாஸ்கி. கோடையில் விஸ்கான்சின். 1930-களில் அங்கே 25 ஜோடி அளவுக்குத் தேய்ந்துபோன பறவை இன்று ஊர் எல்லை வயலிலேயே நிற்கிறது. பராபூ ஊரில் 1973-ல் தொடங்கிய சர்வதேசக் கொக்கு அறக்கட்டளை இருக்கிறது. உலகின் 15 கொக்கு இனங்களையும் அங்கே ஒரே இடத்தில் பார்க்கலாம், நம் சாரஸ் உட்பட.

புளோரிடாவில் இருக்கும் தமிழர்களுக்குப் பயணமே தேவையில்லை. அங்குள்ள வகை வலசை போவதில்லை. கால்ஃப் மைதானத்திலும் குடியிருப்பு வாசலிலும் குஞ்சோடு நடக்கும். ஆசையாகத் தீனி போடாதீர்கள். அது அங்கே சட்டப்படி தவறு, பறவைக்கும் கேடு: சாலையோரம் பழகிய குஞ்சு காரில் அடிபடும். மிசிசிப்பியிலும் கியூபாவிலும் இருப்பவையும் வலசை போகாதவைதான். மிசிசிப்பி வகையில் காட்டில் இருப்பது நூற்றுச் சொச்சம், அவற்றுக்காகவே 1975-ல் ஒரு சரணாலயம் அமைத்தார்கள்.

படி 10: போன பிறகு என்ன நடக்கிறது

பிளாட்டை விட்டவை கனடா, அலாஸ்கா என்று பிரியும். ஒரு பகுதி பெரிங் நீரிணையைத் தாண்டிச் சைபீரியா வரை போகும். அங்கே சதுப்பில் புல்லையும் நாணலையும் குவித்து மேடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். ஏறக்குறைய 30 நாள் இருவரும் மாறி மாறி அடைகாப்பார்கள். குஞ்சு செம்பட்டை நிறத்தில், காலே உடம்பாக வெளியே வரும். அதனால்தானோ என்னவோ ஆங்கிலத்தில் கோல்ட், அதாவது குதிரைக்குட்டி, என்று பெயர். பிறந்த ஒரு நாளுக்குள் நடக்கும், நீந்தும். முதலில் பொரித்தது இரண்டாவதைக் கொத்தி விரட்டும், தீனி குறைந்த வருடம் சின்னது தங்காது. பெரும்பாலும் குடும்பம் மூன்றாக நின்றுவிடுவது இதனால்தான்.

65 முதல் 75 நாளில் பறக்கும். செப்டம்பரில் பெற்றோருக்கு நடுவே தெற்கே கிளம்பும். டெக்சாஸிலோ மெக்ஸிகோவிலோ குளிர்காலம் முழுக்க அவர்கள் பக்கத்திலேயே மேயும். பாதை, ஆறு, வயல் எல்லாம் கூடவே போய்த் தெரிந்துகொள்வது. ஒன்பது பத்து மாதம் இப்படி. மார்ச்சில் நீங்கள் பார்ப்பது அதன் கடைசி வாரங்கள். வடக்கே போனதும் பெரியவை அடுத்த கூட்டுக்குத் தயாராகும், பிள்ளையை அண்டவிடாது. அது மற்ற இளசுகளோடு சேர்ந்து திரியும். சில வருடம் கழித்துத் துணை தேடும். சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும்தான். ஆனால் ஒன்று இறந்தாலோ, சில சமயம் பிரிந்தோ, வேறு துணை தேடுவதும் நடக்கும். ஆயுளும் குறைவில்லை. 1973-ல் வயோமிங்கில் கால்வளையம் போட்ட ஒரு கொக்கு 2010-ல் நியூ மெக்ஸிகோவில் கிடைத்தபோது அதற்குக் குறைந்தது 36 வயது.

நான் ஒவ்வொரு மார்ச்சும் கடைசி மாலையைப் பாலத்தில் கழிப்பேன். கேமரா இல்லை, கணக்கு நோட்டும் இல்லை. மேற்கே ஆரஞ்சு மங்கும் நேரத்தில் மூன்றும் இரண்டுமாக ஆற்றில் இறங்குவார்கள், காலை முன்னால் நீட்டி, பாராசூட் மாதிரி. முந்தின வருடம் பீர்ர்ர் என்று கத்திக்கொண்டு இதே ஆற்றில் இறங்கியவை இப்போது அந்தக் கூட்டத்துக்குள் எங்கோ இருக்கும், கனத்த குரலில். எது எது என்று என்னால் சொல்ல முடியாது. இருட்டிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன், புதிய மெல்லிய குரல்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டபடி.